புதன்கிழமை மட்டும் போதாதுங்க: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு திருப்பூர்ல இருந்து ஒரு திறந்த மடல்

மக்கள் நல்வாழ்வுத் துறைல இருக்கிற அமைச்சர், செயலாளர், பொது சுகாதார இயக்குநர், எங்க மாவட்ட சுகாதார அலுவலர் எல்லாருக்கும் வணக்கமுங்க.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில கியூசி, அதாவது தரம் பாக்குற வேலை பாக்குறேன். வேலம்பாளையம் பக்கம் ஒரு லைன் வீட்ல குடியிருக்கோம், ஒரே காம்பவுண்டுல பதினோரு வீடு, எல்லாம் பத்துக்குப் பத்து ரூமு, பொதுக் குழாய், பொது பாத்ரூம். எனக்கு மூன்றரை வயசுல ஒரு பொண்ணு. நான் டாக்டரும் இல்ல, சமூக சேவகியும் இல்ல. ஆனா தடுப்பூசி விஷயத்துல எங்க மாதிரி ஆளுங்க எங்க தவறிப் போறோம்னு எனக்குத் தெரியும், ஏன்னா நானே தவறியிருக்கேன், அதனாலதான் இதை எழுதறேன்.

என் பொண்ணுக்கு பொறந்த அன்னைக்கே பிசிஜி, சொட்டு மருந்து, ஹெபடைடிஸ் பி மூணும் போட்டு அனுப்பிட்டாங்க. 45 நாள் ஊசி போடும்போது நான் எங்க அம்மா வீட்ல இருந்தேன், அதுவும் நேரத்துக்கு முடிஞ்சுது. அடுத்த ஊசிக்குள்ள நான் வேலைக்குத் திரும்பிட்டேன். அந்த வாரம் ஷிப்மென்ட். எங்க ஏரியால ஊசி புதன்கிழமை காலைல மட்டும்தான். லீவு கேட்டேன், அடுத்த வாரம் பாத்துக்கலாம்னாங்க, அடுத்த புதன் பாப்பாவுக்கு சளி, நானே பயந்துட்டு கூட்டிட்டுப் போகல (லேசான சளிக்கெல்லாம் ஊசியத் தள்ளிப் போட வேண்டியதில்லைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது), அதுக்கடுத்த புதன் மறுபடி ஷிப்மென்ட். இப்படியே ஒரு மாசம் போயிருச்சு. நான் ஊசிக்கு எதிரான ஆளா? இல்லீங்க. வாட்ஸ்அப்ல வந்த எதையாவது நம்பினேனா? அதுவும் இல்ல. ஒரு புதன்கிழமைய என்னால விலை குடுத்து வாங்க முடியல, அவ்ளோதான்.

இன்னும் ஒண்ணு. புதன்கிழமை போட்டா புதன்கிழமையோட முடியறது இல்ல. அஞ்சு நோய்க்கு சேத்து ஒண்ணாப் போடற அந்த பென்டா ஊசி போட்டா ராத்திரி காய்ச்சல் வரும், தொடை வீங்கி இருக்கும், புள்ள காலை அசைக்கவே அழும். வியாழக்கிழமையும் யாராவது வீட்ல இருக்கணும், சிலதுங்களுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் இழுக்கும். ஆக ஒரு ஊசின்னா ரெண்டு ஷிப்ட், மூணு ஷிப்ட் போச்சு. எங்களுக்கு வாரக் கூலி, சனிக்கிழமை கைக்கு வர்றதுல நேரா கை வைக்கும். ஊசி இலவசம்னு போர்டு போட்டிருக்கீங்க, நெசமாவே இலவசம்தான், ஆனா எங்களுக்கு அது இலவசமா வர்றதில்லைங்க.

போன வருசம் எங்க காம்பவுண்டுல நடந்ததச் சொல்றேன். எங்க லைன்ல டெய்லரா இருக்கிற ஒடிசாக்காரப் பொண்ணு ஒருத்தி, அவ பையனுக்கு ரெண்டு வயசு. அவனுக்கு மொதல்ல நல்ல காய்ச்சல், கண்ணு செவந்து மூக்கு ஒழுகிட்டு இருந்துது, சாதா சளிக் காய்ச்சல்னு நெனச்சு எல்லாரும் தூக்கி வெச்சுக் கொஞ்சிட்டுத்தான் இருந்தோம். நாலாம் நாள் காதுக்குப் பின்னாடி ஆரம்பிச்சு ஒடம்பெல்லாம் செவப்பா பொரிஞ்சுது. மணல்வாரி அம்மை, அதாவது தட்டம்மை. பொரி வெளிய தெரியறதுக்கு நாலு நாள் முன்னாடியே அது அடுத்தவங்களுக்குப் பரவ ஆரம்பிச்சிடும், அந்தக் குழந்தை இருந்த ரூமை விட்டுப் போன பிறகும் ரெண்டு மணி நேரம் வரைக்கும் கிருமி காத்துல நிக்கும்னு எனக்கு அப்பத் தெரியாது. பத்துக்குப் பத்து ரூம்ல, ஒரே ஜன்னல் இருக்கிற எடத்துல, யோசிச்சுப் பாருங்க.

பத்து பன்னெண்டு நாள் கழிச்சு பக்கத்து வீட்டு கைக்குழந்தைக்கு வந்துது. ஏழு மாசம். அதுக்கு ஊசி போட்டிருக்கவே முடியாது, ஏன்னா நம்ம அட்டவணைல தட்டம்மை ரூபெல்லா ஊசி ஒன்பதாம் மாசம்தான். அந்தத் தாய் எதையும் தவற விடல, எல்லா ஊசியும் நாள் தவறாமப் போட்டவ. அந்தக் குழந்தைக்கு சளி நெஞ்சுல எறங்கி நிமோனியா ஆயி, ஆஸ்பத்திரில ஆக்சிஜன் வெச்சு ஒம்பது நாள் இருந்தாங்க. நான் ரெண்டு ராத்திரி அவளோட போயி உக்காந்திருந்தேன். அந்தப் புள்ள மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்கூடு உள்ள போயி வந்தது இன்னும் என் கண்ணுல நிக்குது. பொழைச்சுது, இப்ப நடக்குது, கடவுள் புண்ணியம்.

காம்பவுண்டுல பலபேரு என்ன சொன்னாங்க தெரியுங்களா, வடக்கத்தி ஆளுங்கதான் நோயக் கொண்டாந்துட்டாங்கன்னு. எனக்கு நெம்ப வருத்தமாப் போச்சு. அந்த ஒடிசாப் பொண்ணுகிட்ட நான் ஒக்காந்து கேட்டேன். அவ பையனுக்கு ஊர்ல ஆறு மாசம் வரைக்கும் எல்லாம் போட்டிருக்கு, கார்டு பத்திரமா பிளாஸ்டிக் கவர்ல வெச்சிருக்கா, ஆனா அது ஒடியாவுல இருக்கு. இங்க வந்த புதுசுல ஒரு தடவை விசாரிக்கப் போனப்ப பிக்மி நம்பர் (இங்க கர்ப்பத்தைப் பதிவு பண்ணும்போது அரசாங்கம் தர்ற நம்பர்) இருக்கான்னு யாரோ கேட்டிருக்காங்க, அது என்னன்னே அவளுக்குத் தெரியல, நம்பர் இல்லைன்னா ஊசி கெடையாது போலன்னு நெனச்சுத் திரும்பி வந்துட்டா. அப்புறம் ஒன்றரை ஷிப்ட் வேலை, காலைல எட்டரைக்குப் போனா ராத்திரி எட்டரை. எந்தப் புதன்கிழமை போவா? அவ மறுத்தவ இல்லைங்க, விட்டுப்போனவ. மறுக்கிறதும் விட்டுப்போறதும் உங்க கணக்குல ஒரே கட்டத்துல விழலாம், ஆனா ரெண்டுக்கும் மருந்து வேற வேற.

நான் பத்து மாசமா இதைப் பத்தி கெடைச்சதெல்லாம் படிச்சிட்டு இருக்கேன். தேசிய குடும்ப நல ஆய்வுல நம்ம தமிழ்நாட்டுல ஒரு வயசுல இருந்து ரெண்டு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைங்கள்ல முழுசா தடுப்பூசி போட்டவங்க 2005-06ல 80.9 சதவீதம், 2015-16ல அது 69.7க்கு எறங்கிருச்சு, திரும்ப 2019-21ல 89.2க்கு ஏறி வந்துது. இந்தியாவுல நெறைய மாநிலங்களை விட நாம மேல. அதுக்கு நடந்து நடந்து தேஞ்ச நர்ஸம்மாங்க காலுக்குத்தான் நன்றி சொல்லணும். ஆனா தட்டம்மைக்கு 89 பத்தாது. எதிர்ப்பு சக்தியே இல்லாத எடத்துல ஒரு நோயாளிகிட்ட இருந்து 12ல இருந்து 18 பேருக்குப் பரவுற நோய் அது. நூத்துக்கு 95 பேருக்காவது ரெண்டு ஊசியும் போட்டிருந்தாத்தான் அது நின்னு போகும், ஊசி போட முடியாத ஏழு மாசக் குழந்தைக்கும் கேன்சர் மருந்து எடுக்கிற புள்ளைக்கும் அந்த 95 பேருதான் வேலி. வேலில ஓட்டை அங்கங்க ஒண்ணு ரெண்டுன்னு பரவி இருந்தாலும் பரவால்ல. ஆனா இல்லைங்களே, ஓட்டையெல்லாம் ஒரே எடத்துல இருக்கு, எங்க லைன் வீட்ல, செங்கல் சூளைல, கட்டட வேலை நடக்கிற எடத்துல, நூல் மில்லு குவாட்டர்ஸ்ல. மாநிலத்துக்கு 89ன்னா எங்க காம்பவுண்டுக்கு எவ்வளவு? நாங்களே எண்ணிப் பாத்தோம், அஞ்சு வயசுக்குள்ள ஒம்பது குழந்தைங்க, அதுல ஒன்றரை வயசு ஊசி வரைக்கும் முடிச்சது நாலே நாலு.

அந்த ஒன்றரை வயசு ஊசியத்தான் எல்லாரும் விடறாங்க. ஒன்பதாம் மாசம் போட்டாச்சே, மறுபடி எதுக்குன்னு. ஒன்பதாம் மாசத்துல போடறது நூத்துல ஒரு 85 குழந்தைங்களுக்குத்தான் பிடிக்கும், மிச்சத்துக்கு ரெண்டாவது போட்டாத்தான் எதிர்ப்பு வரும், அதனாலதான் 16 மாசத்துல இருந்து 24 மாசத்துக்குள்ள இன்னொண்ணு. இதை எங்க ஏரியால ஒருத்தரும் யாருக்கும் சொன்னதில்ல. சும்மா தேதி எழுதித் தர்றாங்க. ஏன்னு சொன்னா வருவாங்கங்க, நாங்க ஒண்ணும் புரியாத ஜனங்க இல்ல. தட்டம்மை வந்து போன குழந்தைக்கு அதுக்கு முன்னாடி ஒடம்பு சேத்து வெச்சிருந்த மத்த நோய்களோட எதிர்ப்பு ஞாபகமே நெறைய அழிஞ்சு போயிடுது, அதனாலதான் அம்மை எறங்குன பிறகும் மாசக்கணக்குல வேற வேற நோவு வந்துட்டே இருக்குன்னு நான் படிச்சப்ப, அந்த ஒடிசாப் பையன் அதுக்கப்புறம் எத்தனை தடவை வயித்துப்போக்குல படுத்தான்னு எண்ணிப் பாத்தேன்.

புதன்கிழமைக்கு ஒரு காரணம் இருக்குன்னு எனக்குத் தெரியும், நியாயமா அதையும் சொல்லிடறேன். எங்க நர்ஸக்கா ஒருத்தங்க பொறுமையா சொல்லிக் குடுத்தாங்க. பிசிஜி, தட்டம்மை ரூபெல்லா ஊசியெல்லாம் பொடியா வரும், அதைக் கரைச்சுட்டா நாலு மணி நேரத்துக்குள்ள முடிச்சிடணும், மிச்சத்தைக் கொட்டிடணும், அதனால குழந்தைங்கள ஒரே நாள்ல சேத்து வெச்சுப் போடறாங்க. அப்புறம் 2ல இருந்து 8 டிகிரி வரைக்கும் குளிர்ல கொண்டு போகணும், பாட்டில் மேல வட்டத்துக்குள்ள சின்ன சதுரம் ஒண்ணு ஒட்டியிருக்கும், அந்த சதுரம் கருத்து வட்டத்தோட நெறத்துக்கு வந்துருச்சுன்னா தொடக்கூடாது. அவங்க அந்த சதுரத்தை எனக்குக் காட்டினப்ப எனக்கு மரியாதையே கூடிருச்சு. ஆனா அவங்களே இன்னொண்ணும் சொன்னாங்க, பென்டா பாட்டில் அப்படி இல்ல, சரியா வெச்சிருந்தா தொறந்த பிறகும் 28 நாள் வரைக்கும் பயன்படுத்தலாம்னு. அப்ப அதுக்கு எதுக்குங்க புதன்கிழமை? தட்டம்மை பாட்டிலே ஒண்ணு ரெண்டு வீணாப் போனாலும் போகட்டுமே, ஆக்சிஜன் வெச்ச ஒம்பது நாளோட செலவுல எத்தனை பாட்டில் வாங்கலாம்?

உங்களால முடியாததும் இல்ல. 2021 செப்டம்பர் 12, ஞாயித்துக்கிழமை, கொரோனா மெகா கேம்ப். மாநிலம் பூரா 40,000 எடத்துல போட்டீங்க, ஒரே நாள்ல 28 லட்சத்துக்கும் மேல ஊசி. நானும் ஒரு ஸ்கூல் வராண்டாவுல வரிசைல நின்னு போட்டுக்கிட்டேன், நோட்டீஸ் இந்திலயும் அடிச்சு ஒட்டியிருந்தாங்க, ஒருத்தர்கிட்டயும் எந்த ஊருன்னு கேக்கல. சொட்டு மருந்துக்கு ஞாயித்துக்கிழமை பஸ் ஸ்டாண்டு, டோல்கேட்டுன்னு நிக்கிறீங்க. மக்களைத் தேடி மருத்துவம்னு சுகர் மாத்திரைய வீட்டுக்கே கொண்டாந்து குடுக்கிறீங்க, எங்க மாமியாருக்கு மாசாமாசம் வருது, நல்லா இருப்பீங்க. அதே மாதிரி குழந்தைங்க ஊசியும் எங்களத் தேடி வரணும்னுதான் கேக்குறேன்.

இந்த எடத்துல 2008 ஏப்ரலைப் பத்திப் பேசாமப் போனா நான் நேர்மையா எழுதினதா ஆகாது. திருவள்ளூர் மாவட்டத்துல தட்டம்மை ஊசி போட்ட நாலு குழந்தைங்க எறந்து போச்சு. அதுக்கப்புறம் ஊருக்குள்ள துணை சுகாதார நிலையத்துலயும் அங்கன்வாடியிலயும் போட்டுட்டு இருந்த ஊசிய, டாக்டர் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாத்திட்டாங்க. அந்த முடிவத் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல, நாலு தாய்மாருங்க மடி காலியாப் போயிருக்கு. ஆனா ஊசி தூரம் போனப்ப, பஸ் ஏற முடியாதவங்க விட்டுப்போனாங்க. மேல சொன்ன 80.9ல இருந்து 69.7க்கு எறங்குனதுக்கு இது மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல வரல, ஆனா இதுவும் அதுக்குள்ள இருக்குன்னுதான் நெனைக்கிறேன்.

சமோவான்னு பசிபிக் கடல்ல ஒரு குட்டி தேசம், ரெண்டு லட்சம் ஜனம், நம்ம திருப்பூர் மாநகராட்சில கால்வாசி கூட இல்ல. 2018ல அங்க ரெண்டு குழந்தைங்களுக்கு ஊசி மருந்தைக் கரைக்க தண்ணிக்குப் பதிலா வேற மருந்தைத் தப்பாக் கலந்துட்டாங்க, ரெண்டும் எறந்துருச்சு. தப்பு ஊசில இல்ல, கலந்த கையில. ஆனா மாசக்கணக்குல ஊசித் திட்டத்தையே நிறுத்தி வெச்சாங்க, ஜனங்களுக்கும் நம்பிக்கை போயிருச்சு. 2019ல தட்டம்மை உள்ள வந்துது, 83 பேர் எறந்தாங்க, பெரும்பாலும் அஞ்சு வயசுக்குக் கீழ. கடைசில டிசம்பர்ல ரெண்டு நாள் அரசாங்கத்தையே மூடி, ஊசி போடாத ஆளு இருக்கிற வீட்டுக்காரங்க வாசல்ல செவப்புத் துணி கட்டணும், குழு வீடு வீடா வந்து போடும்னு சொல்லித்தான் அடக்குனாங்க. 83 பேரு போன பிறகு வீடு வீடாப் போனதை, முன்னாடியே போயிருக்கலாம்.

எங்க அம்மாயி கையில ரெண்டு பெரிய தழும்பு இருக்கும், அம்மை குத்துனதுன்னு சொல்லும். அது கூடப் பொறந்த ரெண்டு பேரு பெரியம்மைலதான் போயிட்டாங்க, வேப்பிலைல படுக்க வெச்சு, ஆத்தா எறங்கட்டும்னு காத்திருந்து. 1974ல கூட இந்தியாவுல பெரியம்மைக்கு 15,000 பேருக்கு மேல எறந்திருக்காங்க. அடுத்த வருசமே, 1975ல, கடைசி நோயாளி. எப்படின்னா, ஊழியருங்க அம்மை கண்ட குழந்தையோட படம் போட்ட அட்டைய கையில வெச்சுக்கிட்டு ஒவ்வொரு வீடா, ஒவ்வொரு சந்தையா போயி இந்த மாதிரி யாருக்காவது இருக்கான்னு கேட்டிருக்காங்க, தகவல் சொன்னவங்களுக்கு 1,000 ரூபா வரைக்கும் பரிசு. ஆஸ்பத்திரில வந்து போட்டுக்கங்கன்னு காத்திருந்தா அம்மை இன்னும் நம்ம கூடத்தான் இருந்திருக்கும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் 1899ல இருந்து, குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907ல இருந்துன்னு தடுப்பூசி வேலைல நூறு வருசத்துக்கு மேல பேர் வாங்கின மாநிலம்ங்க நம்மளுது. மருந்தும் இருக்கு, படிச்ச ஆளும் இருக்கு. எங்க காம்பவுண்டு கேட்டுக்கு வர்ற கடைசி அர கிலோமீட்டர்தான் பாக்கி.

பயப்படறவங்களும் இருக்காங்க, இல்லைன்னு சொல்லல. 2017 பிப்ரவரில தட்டம்மை ரூபெல்லா ஊசி முகாம் நடந்தப்ப வாட்ஸ்அப்ல வந்த வதந்திய எங்க அக்கா வீட்டுக்காரரே நம்பி ஸ்கூல்ல கையெழுத்துப் போடல. அவரை மாத்துனது போஸ்டர் இல்ல. ஒரு நர்ஸம்மா அவர் கடைக்கே வந்து, என் பேரனுக்கும் இதே ஊசிதான் போட்டேன்னு சொல்லி, அவர் கேட்டதுக்கெல்லாம் கோவப்படாம பதில் சொன்னதுதான். எங்க தம்பி கேட்டான், ரூபெல்லா கர்ப்பிணிங்களுக்குத்தான ஆபத்து, ஆம்பளப் பசங்களுக்கு எதுக்குன்னு. நல்ல கேள்வி. எங்க கம்பெனில பாதிப் பேரு புதுசா கல்யாணம் ஆன பொண்ணுங்க, நாள் தள்ளிப் போயிருக்குன்னு அவங்களுக்கே தெரியாத மொத ரெண்டு மூணு மாசத்துல ரூபெல்லா வந்தா, அவளுக்கு லேசான பொரியோட போயிடும், வயித்துல இருக்கிற குழந்தைக்கு கண்ணுல புரை, காது கேக்காம, இதயத்துல ஓட்டைன்னு ஆயிடும். அவகிட்ட அதைக் கொண்டு போறது நம்ம வீட்டுப் பையனா இருக்கக் கூடாதுல்ல, அதுக்குத்தான்டான்னேன். இப்படி ஒக்காந்து பேச நர்ஸம்மாங்களுக்கு நேரம் குடுங்க, ரெஜிஸ்டரும் செயலியும் எழுதியே அவங்க பொழுது போயிடுது.

சரிங்க, கேக்குறதக் கேட்டுடறேன். சனிக்கிழமை பொழுதோட, ஆறு மணில இருந்து ஒம்பது மணி வரைக்கும், எங்க மாதிரி லைன் வீடுங்க இருக்கிற ஏரியால ஊசி போடுங்க. எதுக்கு சனிக்கிழமைன்னா, ராத்திரி காய்ச்சல் வந்தாலும் ஞாயித்துக்கிழமை பூரா புள்ளைய மடிலயே வெச்சுக்கலாம், கூலி போகாது. ஆபத்துன்னா பாக்க ஒரு டாக்டரும் மருந்துப் பெட்டியும் ஆம்புலன்ஸ் நம்பரும் கூட வரட்டும், 2008ஐ நாங்களும் மறக்கல. ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் நாங்க அங்கயே உக்காந்திருக்கோம். பிக்மி நம்பர் இல்லைன்னாலும், எந்த மாநிலத்துக் குழந்தையா இருந்தாலும் ஊசி உண்டுன்னு இந்திலயும் ஒடியாவுலயும் வங்காளிலயும் எழுதி வாசல்ல ஒட்டுங்க. எங்காவது ஊசிக்கு அப்புறம் குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா, விசாரிச்சதுல என்ன தெரிஞ்சுதுன்னு எங்ககிட்ட சொல்லுங்க, நல்ல சேதியோ கெட்ட சேதியோ. நீங்க பேசாம இருந்தா அந்த எடத்துல வதந்தி வந்து ஒக்காந்துக்கும்.

பனியன் கம்பெனி மொதலாளிமாருங்க யாராவது இதைப் படிச்சா, உங்களுக்கும் ஒரு வார்த்தை. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற எடத்துல குழந்தைங்க காப்பகம் இருக்கணும்னு 2017ல இருந்து சட்டமே இருக்கு. அந்தக் காப்பகத்துலயே மாசம் ஒரு தடவை ஊசி போட எடம் குடுங்க, இல்லைன்னா ஊசி அட்டையக் காட்டுனா அரை ஷிப்ட் சம்பளத்தோட லீவு குடுங்க. துணி வாங்குற வெளிநாட்டு பையருங்க வந்து ஃபயர் எக்சிட்டு எண்ணிட்டுப் போறாங்க, அதுக்கெல்லாம் செலவு பண்றீங்க, இதுக்கு அவ்வளவு கூட ஆகாது.

அந்த ஏழு மாசக் குழந்தையோட அம்மாவும், ஒடிசாப் பொண்ணும் இப்ப மூஞ்சி குடுத்துப் பேசிக்கிறாங்க. மொதல்ல பேசல. அந்தப் பையனுக்கு விட்டுப்போன ஊசியெல்லாம் மூணு புதன்கிழமை நான் லீவு போட்டுக் கூட்டிட்டுப் போயி முடிச்சுட்டேன், அவ வேலைல இருந்தா. எங்க காம்பவுண்டுல இன்னும் நாலு குழந்தைங்க பாக்கி. கடைசி வீட்ல புதுசா ஒரு கைக்குழந்தை வந்திருக்கு, அடுத்த மாசம் 14ஆம் தேதியோட 45 நாள் ஆகுது.

காம்பவுண்டுக்குள்ள வேப்ப மரத்தடில எடம் இருக்கு, லைட்டு போட்டுத் தர்றோம், மேசையும் சேரும் எங்க வீட்ல இருந்து எடுத்துப் போடறோம். எந்த சனிக்கிழமை வர்றீங்கன்னு மட்டும் சொல்லி அனுப்புங்க.

இப்படிக்கு,
வேலம்பாளையத்துல இருந்து ஒரு பனியன் கம்பெனி கியூசி, ஒரு பொண்ணுக்கு அம்மா